பனிப்புகாரும் எங்கள் பழைய காரும்



நாங்கள் எழுதிப் பழக்கமில்லாதவர்கள். பள்ளிக்கூடப் படிப்பு இடையில் நின்றுபோனது; மிச்சத்தை இடப்பெயர்வு எடுத்துக்கொண்டது. 2012இல் படகில் வந்து, விசாவுக்காக வருடக்கணக்கில் காத்திருந்து, இப்போது மேற்கு சிட்னியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். ஒருவருக்குக் காலை வேலை, மற்றவருக்குப் பின்னேர வேலை. இந்தக் கட்டுரை முழுவதும் "நாங்கள்" என்றே எழுதுகிறோம். யார் கார் ஓட்டியது, யார் பிழை விட்டது என்று பிரித்து எழுதினால் வீட்டில் சண்டை வரும். இரண்டு பேரும் ஓட்டுகிறோம், இரண்டு பேரும் பிழை விட்டிருக்கிறோம்.

எழுத வந்த விஷயம் சின்னது. காரில் இருக்கும் பனிப்புகார் விளக்கு, அதாவது 'பொக் லைற்', அதை எப்போது போட வேண்டும், எப்போது போடக் கூடாது என்பதுதான். கனகாலம் இங்கே இருப்பவர்கள், "இது கூடத் தெரியாதா?" என்று சிரிக்கலாம். எங்களுக்குத் தெரியாமல்தான் இருந்தது. அதனால் ஒரு நாள் பிள்ளைகளோடு சேர்ந்து பெரிய ஆபத்தில் மாட்டப் பார்த்தோம். அதனால்தான் எழுதுகிறோம்.

வந்து சில வருடம் பஸ்ஸிலும் ரயிலிலும் போனோம். காலை ஆறு மணி வேலைக்கு அது சரிவரவில்லை. காசு சேர்த்து ஒரு பழைய வொக்ஸ்வாகன் கோல்ஃப் வாங்கினோம். வயது கூடிய கார்தான், ஆனால் எங்களுக்கு அது முதல் கார். அதன் லைற் போடும் திருகியை ஒரு தரம் வெளியே இழுத்தால் முன்னுக்குக் கீழே இரண்டு விளக்கு கூடுதலாக எரியும். இரண்டு தரம் இழுத்தால் பின்னால் வலது பக்கம் ஒரு சிவப்பு விளக்கும் எரியும். எங்களுக்கு அது பெரிய சந்தோஷம். இரவில் காரை எடுத்தால் இரண்டு தரமும் இழுத்துவிட்டுத்தான் புறப்படுவோம். இருக்கிற விளக்கை ஏன் சும்மா வைத்திருக்க வேண்டும்? வெளிச்சம் கூடினால் பாதுகாப்பும் கூடும்தானே என்று நினைத்தோம்.

அப்படி நினைத்ததற்குக் காரணமும் உண்டு. நாங்கள் வளர்ந்தது வன்னியில். 1990களில் அங்கே மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குக் கூடத் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து எரித்த விளக்கில்தான் படித்தோம். பிறகு விமானத்துக்குப் பயந்து அந்தச் சின்ன வெளிச்சத்தையும் அணைத்துவிட்டு இருந்த இரவுகள் எத்தனையோ. அப்படி இருட்டில் வளர்ந்த எங்கள் கையில் ஒரு திருகியைக் கொடுத்து, இழுத்தால் வெளிச்சம் வரும் என்றால், இழுக்காமல் இருப்போமா?

ஆனால் வீதியில் எதிரே வருபவர்கள் அடிக்கடி எங்களுக்கு லைற் அடித்தார்கள். பின்னால் வருபவர்களும் அடித்தார்கள். கறுத்த ஆட்களைக் கண்டு அடிக்கிறார்கள் என்று கூட ஒரு நாள் பேசிக்கொண்டோம். இருட்டில் எங்கள் முகம் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, வேலை முடிந்து வரும்போது, கம்பர்லாண்ட் நெடுஞ்சாலையில் பொலிஸ் கார் பின்னால் வந்து நிறுத்தச் சொன்னது. கையும் காலும் நடுங்கியது. யூனிபோர்மைக் கண்டால் எங்களுக்கு இன்றைக்கும் அப்படித்தான். வந்த இளம் பொலிஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். வானத்தைக் காட்டினார். நல்ல நிலவு. "புகார் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவரே எங்களைக் காருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சிவப்பு விளக்கைக் காட்டினார். கிட்ட நின்று பார்த்தபோதுதான் அது எவ்வளவு கூசுகிறது என்று தெரிந்தது. இந்த முறை எச்சரிக்கை மட்டும், அடுத்த முறை அபராதம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பிறகு அந்தத் திருகியை வெளியே இழுப்பதே இல்லை என்று முடிவெடுத்தோம். லைசன்ஸ் போனால் வேலை போகும். வேலை போனால் வாடகை போகும். பொக் லைற் என்பது தொடக் கூடாத சாமான் என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்தோம். அது எங்கள் இரண்டாவது பிழை.

போன வருடம் புரட்டாதிச் சனிக்கிழமை ஒன்றில் ஹெலன்ஸ்பேர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். எங்களோடு வேலை செய்யும் பெரியவர் ஒருவரும் வந்தார். ஊரில் நுவரெலியாவில் இருந்து மரக்கறி லொறி ஓட்டினவர். நாங்கள் அவரை 'லொறி அண்ணை' என்றுதான் கூப்பிடுவோம். பூசை முடிந்து சாப்பிட்ட பிறகு, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, வொலொங்கொங் கடற்கரையையும் பார்ப்போம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். போனோம். கடற்கரையில் நல்ல வெயில். பின்னேரம் ஐந்து மணிபோல வீட்டுக்குத் திரும்பினோம்.

வொலொங்கொங்கில் இருந்து சிட்னிக்கு வர மவுண்ட் ஊஸ்லி வீதியால் மலை ஏற வேண்டும். இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942இல் திறந்த வீதி அது. அந்த யுத்தகாலத்தில் இங்கேயும் கரையோரப் பகுதிகளில் கார்களின் முன் விளக்கை மறைத்து ஓட்டச் சொல்லியிருந்தார்களாம். அறிந்தபோது எங்களுக்கு வன்னி ஞாபகம் வந்தது. இப்போது அது பெரிய மோட்டர்வேயின் ஒரு பகுதி. போர்ட் கெம்ப்லா துறைமுகத்துக்குப் போகிற வருகிற பாரமான லொறிகள் எல்லாம் அதால்தான் ஓடும்.

கீழே வெயில், மேலே புகார். கடலில் இருந்து வரும் ஈரக் காற்று அந்தச் செங்குத்தான மலையில் முட்டி மேலே எழும்பும்போது குளிர்ந்து முகிலாகிவிடும். கீழே நின்று பார்ப்பவருக்கு அது மலையில் படிந்த முகில். மேலே ஓட்டுபவருக்கு அதுவே பனிப்புகார். புல்லாய் ரொப்ஸ் என்ற இடம் இதற்குப் பேர்போனது. அது எங்களுக்கு அன்று தெரியாது.

ஐந்து நிமிடத்துக்குள் உலகம் வெள்ளையாகிவிட்டது. வீதிக்கு மேலே இருந்த மின்பலகை வேகத்தைக் குறைக்கச் சொன்னது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் உடனே ஹை பீம் போட்டோம். போட்டதும் இருந்த பார்வையும் போய்விட்டது. முகத்துக்கு நேரே வெள்ளை வேட்டி விரித்துப் பிடித்தது போல இருந்தது.

"ஹை பீமை நிப்பாட்டு! டிம்மிலை விடு!" என்று லொறி அண்ணை சத்தம் போட்டார். டிம்முக்கு வந்ததும் கொஞ்சம் வீதி தெரிந்தது.

"பொக் லைற் இருக்கே?"

"இருக்கண்ணை. ஆனால் போடக்கூடாதாம். பொலிஸ் சொன்னது."

"விசர்க்கதை கதையாதை, தம்பி. இதுக்குத்தானே அதை வைச்சிருக்கிறான். போடு! பின்னாலை உள்ளதையும் போடு!"

இரண்டு தரம் இழுத்தோம். முன் விளக்குகள் அதிசயம் ஒன்றும் செய்யவில்லை. தூரம் தெரியவில்லை. ஆனால் இடது பக்கத்து வெள்ளைக் கோடு தெரிந்தது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போனோம். பின்னால் ஒரு பெரிய லொறி வருகிற இரைச்சல் மட்டும் கேட்டது.

அப்போதுதான் அது நடந்தது. முன்னால் புகாரில் ஒரு இடம் மட்டும் கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தது. "பிரேக்!" என்று அண்ணை கத்தினார். அமத்தினோம். எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளிநிறக் கார், புதுக் கார், ஊர்ந்து கொண்டிருந்தது. பின்னால் ஒரு சொட்டுச் சிவப்பு வெளிச்சமும் இல்லை. புகாரின் நிறமும் காரின் நிறமும் ஒன்று. இரண்டு கார்களுக்கும் இடையில் ஒரு காரின் நீளம் கூட மிச்சமில்லை. எங்கள் நெஞ்சு முன்னால் இருந்த காரில் இல்லை. பின்னால் வந்த லொறியில் இருந்தது. பின் இருக்கையில் பிள்ளைகள். கண்ணாடியில் பார்த்தோம். லொறியின் விளக்குகள் பெரிதாகி வந்து, பிறகு பெரிதாகாமல் நின்றன. எங்கள் பின்னால் எரிந்த அந்த ஒற்றைச் சிவப்பு விளக்கை லொறிக்காரர் தூரத்திலேயே கண்டு வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். அதை விட வேறு காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. எங்களுக்கு ஞாபகம் வந்தது 2009 தை மாதம். கிளிநொச்சியை விட்டு விசுவமடுப் பக்கம் சனம் எல்லாம் போய்க்கொண்டிருந்த நேரம். இரவில் உழவு மெசின்கள் லைற் இல்லாமல் ஓடும். போட்டால் மேலே இருந்து காண்பார்கள் என்ற பயம். தருமபுரம் கழிய, எங்கள் சின்னம்மாவின் மகன் சைக்கிளில் வந்து, நின்ற உழவு மெசின் பெட்டியில் மோதினான். பெட்டி நின்றது அவனுக்குத் தெரியவில்லை. அவன் இன்றைக்கும் அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறான். அங்கே விளக்கை அணைத்தவர்களில் பிழை சொல்ல முடியாது. இங்கே அப்படி ஒரு பயமும் இல்லை. ஒரு சுவிச்சைத் திருப்பினால் போதும். அதைச் செய்யாமல் ஒருவர் புகாருக்குள் போய்க்கொண்டிருக்கிறார்.

ஏன் அந்தக் கார் அப்படிப் போனது என்று பிறகு கராஜில் கேட்டு அறிந்தோம். புதுக் கார்களில் பகலில் தானாக எரியும் விளக்குகள் உண்டு. பல கார்களில் அவை முன்னால் மட்டும்தான் எரியும். பின்னால் ஒன்றும் எரியாது. முன்னால் வெளிச்சம் தெரிவதால் ஓட்டுபவர் எல்லாம் எரிகிறது என்று நினைத்துக்கொள்வார். 'ஓட்டோ' என்று விட்டிருந்தாலும் நம்ப முடியாது. அது இருட்டை அளந்துதான் விளக்கைப் போடும். பகல் புகார் வெள்ளையாக, வெளிச்சமாக இருக்கும். கார் அதை நல்ல பகல் என்று நினைத்துவிடும். ஆகவே புகாருக்குள் போனால் உங்கள் கையாலேயே முன் விளக்கைப் போடுங்கள். அப்போதுதான் பின் சிவப்பும் சேர்ந்து எரியும்.

கதை இன்னும் முடியவில்லை. வோட்டர்ஃபோல் தாண்டியதும் வானம் தெளிந்துவிட்டது. நாங்கள் தப்பினோம் என்ற சந்தோஷத்தில் பிள்ளைகளோடு கதைத்துக்கொண்டு வந்தோம். பின்னால் வந்த ஒருவர் இரண்டு தரம் லைற் அடித்தார். இந்த முறை நிறத்தை நினைக்கவில்லை. லொறி அண்ணை சிரித்துக்கொண்டு, "உன்ரை சிவப்பு இன்னும் எரியுது, பிள்ளை. புகார் முடிஞ்சுது, அதை உள்ளுக்கை தள்ளு" என்றார். தள்ளினோம். பின்னால் வந்தவர் பிறகு லைற் அடிக்கவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் வேலை இடைவேளையில் இதுதான் எங்கள் பேச்சு. கேட்டு, வாசித்து அறிந்ததைப் புதிதாக லைசன்ஸ் எடுத்தவர்களுக்காகச் சுருக்கமாகத் தருகிறோம்.

முதலில் சட்டம். 1999இல் நடைமுறைக்கு வந்த அவுஸ்திரேலிய வீதி விதிகளில் 217ஆம் விதி இதைப் பற்றியது. புகார், மென்பனி, அல்லது பார்வையை மறைக்கும் வேறு வானிலை இருந்தால் மட்டுமே பொக் லைற் போடலாம். மற்ற நேரத்தில் போடுவது குற்றம். சிட்னியிலும் மெல்பேர்ணிலும் இதே விதிதான். 'வேறு வானிலை' என்பதற்குள் கண் தெரியாத கடும் மழையும், புழுதியும், காட்டுத்தீப் புகையும் அடங்கும். 2009 செப்டெம்பர் 23ஆம் திகதி சிட்னியைச் செம்புழுதி மூடியது. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் தீப்புகை நாட்கணக்கில் நின்றது. அப்படியான நேரத்தில் போடலாம். சும்மா தூறலுக்கும், நல்ல நிலவுக்கும், காரின் அழகுக்கும் போடக் கூடாது.

ஏன் கூடாது? முன் பொக் லைற் தாழ்வாக இருந்து, வெளிச்சத்தை அகலமாக, நிலத்தோடு ஒட்டி வீசுகிறது. அதனால்தான் புகாரில் அது திருப்பி எங்கள் கண்ணில் அடிப்பதில்லை. ஹை பீம் உயரத்துக்கு அடிப்பதால் புகாரின் நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி எங்களையே குருடாக்கும். ஆனால் நல்ல வானிலையில், முக்கியமாக மழை பெய்து நனைந்த வீதியில், அந்தத் தாழ்ந்த வெளிச்சம் தாரில் பட்டுத் தெறித்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். பின் சிவப்பு விளக்கு இன்னும் மோசம். அது பிரேக் லைற் போலவே பிரகாசமானது. பின்னால் வருபவருக்கு நாங்கள் பிரேக் அடிக்கிறோமா இல்லையா என்று பிரித்தறிவது கஷ்டம். நாங்கள் உண்மையாகப் பிரேக் அடிக்கும்போது அவர் கவனிக்காமல் விடலாம். புகாரில் உயிர் காக்கும் அதே விளக்கு, புகார் இல்லாத இடத்தில் உயிருக்கு ஆபத்து.

மஞ்சள் வெளிச்சம் புகாரைக் கிழித்துக்கொண்டு போகும் என்று ஊரில் சொல்வார்கள். லொறி அண்ணையும் ரம்பொடை வளைவுகளுக்காக மஞ்சள் தாள் ஒட்டி ஓட்டினவர்தான். எட்டாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் அவரோடு வாதாடினாள். புகாரின் துளிகள் ஒளியின் அலைநீளத்தை விட மிகப் பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் சிதறச் செய்யும் என்றாள். விளக்கு தாழ்வாக இருப்பதுதான் முக்கியம், நிறம் இல்லை. அண்ணை கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. "நான் அந்த வளைவிலை ஓடினனான், நீ ஓடினனியே?" என்றார்.

வெளிநாடுகளில் உறவினர் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரித்தானியாவில் பொதுவாக 100 மீற்றருக்குக் குறைவாகத்தான் கண் தெரிகிறது என்றால்தான் பொக் லைற். ஜேர்மனியில் பின் சிவப்பு விளக்குக்கு 50 மீற்றர் எல்லை. அப்போது வேகமும் மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் போகக் கூடாது. அந்த 50 மீற்றரை வைத்து நாங்களும் ஒரு கணக்குப் பார்த்தோம். மணிக்கு 80 கிலோமீற்றரில் போனால் ஒரு விநாடிக்கு 22 மீற்றர் ஓடுகிறோம். கண் கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்றால், பிரேக் பிடிக்க முதலே 33 மீற்றர் போய்விடும். மிச்சம் 17 மீற்றரில் கார் நிற்காது. ஆகவே எந்த விளக்குப் போட்டாலும், வேகத்தைக் குறைக்காவிட்டால் பிரயோசனம் இல்லை. முன்னால் போகும் காரின் பின் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒட்டி ஓடவும் கூடாது. ஓடவே முடியாது என்றால் வீதியை விட்டு முழுதாக வெளியே எடுத்து நிறுத்தி, நாலு பக்கமும் மின்னும் விளக்கைப் போடுங்கள். ஓடும் பாதையில் நிறுத்த வேண்டாம்.

உங்கள் காரில் பொக் லைற் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். எல்லாக் காரிலும் இல்லை. இருந்தால், போட்டதும் முன்பலகையில் ஒரு சின்னப் படம் எரியும். அலை போன்ற கோடு குறுக்கே போகும் விளக்கு. முன் விளக்குக்குப் பச்சை, பின் விளக்குக்கு மஞ்சள். புகார் இல்லாத நேரம் அந்தப் படம் எரிந்தால், உங்களுக்குப் பின்னாலோ முன்னாலோ ஒருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டுகிறார் என்று அர்த்தம்.

முன்பு நாங்கள் விளக்கு என்றால் எங்களுக்கு வழி காட்ட என்று நினைத்தோம். ஊரில் அது எங்களைக் காட்டிக் கொடுக்கும் சாமானாகவும் இருந்தது. இங்கே விளக்கு மற்றவருக்குச் சொல்லும் ஒரு சொல். "நான் இங்கே இருக்கிறேன், கவனம்" என்று புகாருக்குள் சொல்ல வேண்டும். தெளிந்த இரவில் அதைச் சத்தம் போட்டுச் சொல்லத் தேவையில்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். தூரப் பயணம் என்றால் மகன் காருக்குப் பின்னால் போய் நிற்பான். நாங்கள் ஒவ்வொரு விளக்காகப் போடுவோம். "சிவப்பு எரியுது... பிரேக் எரியுது... பொக் எரியுது... பொக் அணைஞ்சிட்டுது, அப்பா!" என்று சொல்லிவிட்டு ஓடிவந்து ஏறுவான். அதற்குப் பிறகுதான் கார் வெளிக்கிடும்.